சிறு கடைக்கு எந்தக் கணக்கு? மாற்ற முடிந்ததையும் முடியாததையும் முதலில் பிரியுங்கள்

வீட்டிலிருந்தே ஆரி வேலை போட்ட பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர், தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் ஆர்டர் எடுப்பவர், தெருமுனையில் மொபைல் கடை வைத்திருப்பவர், மூவருமே ஆன்லைனில் கடை விரிக்கும்போது மண்டையைக் குழப்பிக்கொள்வது இன்ஸ்டாகிராமில் ‘பிசினஸா, கிரியேட்டரா’ என்ற கேள்வியில்தான். அதற்காக வீடியோ மேல் வீடியோவாகப் பார்க்கிறார்கள். உண்மையில் இருப்பதிலேயே லேசான முடிவு அதுதான். இன்று ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம், காசும் கிடையாது. யோசிக்காமல் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிற வேலைகள்தான் பின்னால் கழுத்தைப் பிடிக்கும்: எந்த எண்ணில் வாட்ஸ்அப் போடுவது, ஃபேஸ்புக்கில் கடைப் பெயரில் ப்ரொஃபைல் திறப்பதா பேஜ் திறப்பதா, யூடியூப் சேனல் யாருடைய ஜிமெயிலில் இருப்பது.

அதனால் இங்கே கடினமானதில் தொடங்கி எளிதானதுக்கு வருவோம்.

வாட்ஸ்அப்: எண்தான் முக்கியம், ஆப் அப்புறம்

சாதாரண வாட்ஸ்அப், வாட்ஸ்அப் பிசினஸ் ஆப், மென்பொருளோடு இணைத்து ஓட்டும், ஏபிஐ என்று சொல்லப்படும் பிசினஸ் பிளாட்ஃபார்ம் என மூன்று உண்டு. சிறு கடைக்குப் பெரும்பாலும் நடுவில் இருப்பதே போதும். அது இலவசம், இந்தியாவில் 2018 ஜனவரியிலிருந்து கிடைக்கிறது. 500 பொருள் வரை விலையோடு கேட்டலாகில் அடுக்கலாம். ‘பணம் வந்தது’, ‘பார்சல் போனது’ என்று சாட்டுகளுக்கு லேபிள் ஒட்டலாம். அடிக்கடி தட்டச்சு செய்யும் பதிலை ஒரு சிறு குறியீட்டில் சேமித்து, சாய்கோடு போட்டு அதை அடித்தால் முழுப் பதிலும் வந்து விழும். அளவு எடுக்கும் முறை, கூரியர் கட்டணம், ஜிபே எண் மூன்றையும் இப்படிச் சேமித்துவிட்டாலே பாதி நேரம் மிச்சம்.

சிக்கல் எண்ணில் வருகிறது. ஒரே எண் ஒரே நேரத்தில் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸ் ஆப்பிலும் இருக்காது. குடும்பத்தோடு பேசும் எண்ணையே பிசினஸ் ஆப்பில் பதிந்தால் பழைய சாட்டுகள், சொந்தக்கார குரூப்புகள் எல்லாம் கடை ஆப்புக்குள் வந்துவிடும். அங்கே வரவேற்புச் செய்தியைப் போட்டுவைத்தால் அது முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும் தானாகப் போகும். மாதம் ஒருமுறை ‘நல்லா இருக்கியாம்மா’ என்று கேட்கும் பெரியம்மாவுக்கு ‘எங்கள் கடையைத் தொடர்புகொண்டதற்கு நன்றி’ என்று பதில் போகிற கதை இப்படித்தான் நடக்கிறது. செட்டிங்ஸில் ‘முகவரிப் பட்டியலில் இல்லாதவர்களுக்கு மட்டும்’ என்று மாற்றினால் இது நிற்கும். ஆனால் பிறகு வேண்டாமென்று சாதாரண வாட்ஸ்அப்புக்குத் திரும்ப நினைத்தால் சாட் வரலாறு கூட வராது. போகிற வழி உண்டு, வருகிற வழி இல்லை.

எனவே கடைக்கென்று தனி சிம் வாங்குங்கள். உங்கள் ஆதாரில், உங்கள் பெயரில். மச்சினன் பெயரில் சும்மா கிடந்த சிம், வேலை செய்யும் பையன் வாங்கிவந்த சிம், இவையெல்லாம் வேண்டாம். ஓடிபி யாருடைய சிம்முக்கு வருகிறதோ அவர்தான் கணக்கின் சொந்தக்காரர். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு ஆப்பையும் அருகருகே ஓட்டலாம். சிம்மைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு வைஃபையில் ஓட்டும் பழக்கத்தை நம்பாதீர்கள். இதுபோன்ற ஆப்கள் சிம் அந்தப் போனில் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எண் வேறொருவருக்குப் போய்விட்டால், விசிட்டிங் கார்டில் அச்சடித்த எண்ணில் வேறு யாரோ பேசுவார்கள்.

பதிந்த அன்றே டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனில் 6 இலக்கப் பின்னையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுங்கள். பதில் சொல்ல உதவியாள் இருந்தால் எண்ணையோ பின்னையோ தரவேண்டியதில்லை. லிங்க்டு டிவைசஸ் வழியாக இன்னும் 4 கருவிகளில் அதே கணக்கைத் திறக்கலாம், வேலையை விட்டுப் போனால் அந்தக் கருவியை மட்டும் லாக் அவுட் செய்யலாம்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் பற்றி ஒரு பொதுவான ஏமாற்றம் உண்டு. ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். 200 பேருக்கு அனுப்பியும் 40 பேர்கூடப் பார்க்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பார்சலுக்குள் ஒரு சீட்டு வைத்து ‘புது மாடல் பார்க்க இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதுவது எந்த விளம்பரத்தையும்விட மலிவு. அதற்குப் பதிலாக எங்கிருந்தோ எண்களைத் திரட்டி அனுப்பினால், பெற்றவர்கள் பிளாக் செய்து புகார் கொடுக்க, எண்ணே தடையாகும். பேரில் ‘ஜிபி’ ஒட்டிக்கொண்டு வரும் போலி வாட்ஸ்அப்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ஏபிஐ எப்போது தேவை? தினமும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு பில், டெலிவரி விவரம் போன்றவை மென்பொருளிலிருந்து தானாகப் போக வேண்டும் என்றால். அங்கே வாடிக்கையாளர் எழுதிய 24 மணி நேரத்துக்குள் இஷ்டம்போல் பதில் சொல்லலாம். அதைத் தாண்டினால் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் செய்தி மட்டும்தான் போகும், விளம்பரச் செய்தி ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. நடுவில் இருக்கும் சேவை நிறுவனத்துக்கு மாதக் கட்டணம் தனி. ஒரு நாளைக்கு 30 ஆர்டர் வரும் கடைக்கு இதை விற்க வருபவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘என் எண் போன் ஆப்பிலும் தொடர்ந்து வேலை செய்யுமா?’ எழுத்தில் பதில் வராமல் எண்ணைக் கொடுக்காதீர்கள்.

ஃபேஸ்புக்: கடைப் பெயரில் ஆள் இருக்க முடியாது

முதல் பெயர் கட்டத்தில் கடைப் பெயரையும் இரண்டாவது கட்டத்தில் ‘சில்க்ஸ்’ என்றும் போட்டு ப்ரொஃபைல் திறந்தவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். ப்ரொஃபைல் மனிதர்களுக்கு மட்டும் என்பது ஃபேஸ்புக்கின் விதி. யாராவது புகார் செய்தாலோ, தானியங்கிச் சோதனையில் மாட்டினாலோ அடையாள அட்டை கேட்பார்கள். சில்க்ஸ் பெயரில் ஆதார் இருக்குமா? கணக்கோடு அதில் இருந்த ஐந்து வருடப் படங்களும் பேச்சும் போகும். விதியில் மாட்டாவிட்டாலும் 5,000 நண்பர்கள் என்ற வரம்பில் மாட்டுவீர்கள்.

சரியான அமைப்பு இது: உங்கள் சொந்தப் பெயரில் ஒரு ப்ரொஃபைல், அதிலிருந்து கடைக்கு ஒரு பேஜ். பேஜுக்கு நண்பர் வரம்பு இல்லை, விளம்பரம் ஓட்டலாம், பலர் சேர்ந்து நடத்தலாம். குறை என்னவென்றால், பேஜில் போடுவது காசில்லாமல் ரொம்பப் பேருக்குப் போய்ச் சேராது. ஊர் குரூப்புகளில், ‘வாங்க விற்க’ குரூப்புகளில் ஆள் முகத்தோடு போடும் பதிவுக்கு வரும் விசாரணை பேஜுக்கு வராது. மார்க்கெட்ப்ளேஸும் உங்கள் ப்ரொஃபைலை வைத்துத்தான் நடக்கிறது. அதனால் பேஜை முகவரிப் பலகையாகவும் ப்ரொஃபைலை நடமாடும் ஆளாகவும் பாருங்கள்.

ப்ரொஃபைலிலேயே ப்ரொஃபெஷனல் மோட் என்று ஒன்று இருக்கிறது. எழுத்தாளர், பேச்சாளர், சமையல் வீடியோ போடுபவர் என ஆளே அடையாளமாக இருக்கும் இடத்தில் அது நல்லது. பின்தொடர்பவர் எண்ணிக்கைக்கு 5,000 வரம்பு கிடையாது, புள்ளிவிவரமும் கிடைக்கும், வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். கடைக்கு அது ஒத்துவராது. காரணம், அந்த ப்ரொஃபைலை இன்னொருவர் கையில் கொடுக்க நேர்மையான வழி இல்லை. பாஸ்வேர்டைக் கொடுப்பதென்றால் உங்கள் மெசஞ்சரையும் சேர்த்துக் கொடுப்பதுதான்.

பேஜில் முழுக் கட்டுப்பாடு கொண்டவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்கட்டும். நீங்களும், வீட்டில் நம்பிக்கையான இன்னொருவரும். ஒருவர் ப்ரொஃபைல் ஹேக் ஆனால் மற்றவர் கதவைத் திறப்பார். ஆனால் முழுக் கட்டுப்பாடு உள்ளவர் உங்களையே நீக்கிவிடவும் முடியும் என்பதை மறக்க வேண்டாம். போஸ்டர் டிசைன் செய்பவருக்கும் விளம்பரம் போட்டுத் தருபவருக்கும் டாஸ்க் ஆக்சஸ், அதாவது குறிப்பிட்ட வேலைகளுக்கான அனுமதி, மட்டும் போதும்.

யூடியூப்: சேனல் யாருடைய வீட்டில்

சாதாரணமாக ஜிமெயிலில் நுழைந்து சேனல் திறந்தால் அது அந்த ஜிமெயிலோடு பிறந்த குழந்தை. உரிமையை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. பிராண்ட் அக்கவுண்டில், அதாவது ஒருவர் ஜிமெயிலோடு மட்டும் கட்டப்படாத கணக்கில், திறந்த சேனலுக்குப் பல உரிமையாளர்கள் இருக்கலாம். முதன்மை உரிமையாளரையும் மாற்றலாம், புதியவர் 7 நாள் உரிமையாளராக இருந்த பிறகு. அண்ணன் தம்பி கூட்டாக நடத்தும் கடை, பள்ளி, கோயில் விழாக் குழு போன்றவற்றுக்கு இதுவே சரி.

திறப்பது கடினமில்லை. பிரௌசரில் யூடியூப் செட்டிங்ஸுக்குப் போய், ‘ஆட் ஆர் மேனேஜ் யுவர் சேனல்ஸ்’ என்பதில் ‘கிரியேட் எ சேனல்’ அழுத்திக் கடைப் பெயர் கொடுத்தால் அது பிராண்ட் அக்கவுண்டாகவே உருவாகும். ஏற்கெனவே சொந்த ஜிமெயிலில் ஓடும் சேனலையும் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் வழியாக நகர்த்தலாம். இங்கேதான் கவனம். நகர்த்திப் போகும் பிராண்ட் அக்கவுண்டில் ஏற்கெனவே ஒரு சேனல் இருந்தால் அது அழிந்து, அந்த இடத்தில் உங்கள் சேனல் உட்காரும். இரண்டும் சேர்ந்துவிடும் என்று நினைத்து ஒன்றை இழக்கக் கூடாது.

எடிட்டருக்கு அனுமதி கொடுப்பது மட்டுமே தேவை என்றால் பிராண்ட் அக்கவுண்ட் வரை போக வேண்டாம். யூடியூப் ஸ்டூடியோவில் பர்மிஷன்ஸ் பகுதியில் எடிட்டர், வியூவர் என்று பதவி கொடுத்து அழைக்கலாம். தனி ஆள் சமையல் சேனலுக்கு இது தாராளம்.

இன்ஸ்டாகிராம்: எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்வி

பர்சனல், கிரியேட்டர், பிசினஸ் மூன்றில் பின்னிரண்டும் ப்ரொஃபெஷனல் என்ற ஒரே கூரையின் கீழ் வருபவை. இரண்டிலும் புள்ளிவிவரம் உண்டு, காசு கொடுத்து பதிவை இன்னும் பலருக்குக் காட்டலாம் (பூஸ்ட்), டிஎம் எனும் நேரடிச் செய்தியில் சேமித்த பதில் வைக்கலாம், 75 நாள் வரை முன்கூட்டியே பதிவுகளை நேரம் குறித்து வைக்கலாம். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றி வைத்துவிட்டால், ஆர்டர் நெருக்கத்தில் போன் பக்கம் போக வேண்டியதில்லை.

பர்சனலிலிருந்து ப்ரொஃபெஷனலுக்கு மாறுவது அந்த இரண்டுக்கும் இடையே மாறுவதைவிடப் பெரிய தாண்டல், ஏனென்றால் ப்ரொஃபெஷனல் கணக்கை பிரைவேட்டாக வைக்க முடியாது. மாறிய நொடியில் கணக்கு ஊருக்கே திறக்கும். கிடப்பில் போட்டிருந்த ஃபாலோ கோரிக்கைகளும் தானாக ஏற்கப்படும், யாரை வேண்டாமென்று ஒதுக்கி வைத்தீர்களோ அவர் உட்பட. 2025 ஜூலை 10 முதல், 18 வயதுக்கு மேற்பட்டவர்களின் பொது ப்ரொஃபெஷனல் கணக்குகளில் உள்ள படங்களும் வீடியோக்களும் கூகுள் தேடலிலும் வரலாம். அதை நிறுத்த செட்டிங்ஸில் வழி இருக்கிறது. பத்து வருடக் குடும்பப் படங்கள் உள்ள கணக்கைக் கடையாக்குவது நல்ல யோசனை அல்ல. ஒரே ஆப்பில் ஐந்து கணக்கு வரை மாறி மாறிப் பயன்படுத்தலாம், புதிதாகத் திறந்துகொள்ளுங்கள்.

எல்லோருக்கும் பொதுக் கணக்கு அவசியம் என்றும் இல்லை. அக்கம்பக்கம், அலுவலகத் தோழிகள் என்று 200 பேருக்கு மட்டும் புடவை விற்பவருக்கு பிரைவேட் பர்சனல் கணக்கே நிம்மதி. தெரியாத ஆட்களின் டிஎம் தொல்லை இல்லை. விளம்பரமும் புள்ளிவிவரமும் கிடையாதுதான். அவருக்கு அவை தேவையும் இல்லை.

சரி, பிசினஸா கிரியேட்டரா? நடைமுறையில் தராசைச் சாய்ப்பது பாட்டு. பிசினஸ் கணக்கில் இசைப் பட்டியல் சுருங்கிவிடும். ரீல்ஸில் எல்லோரும் போடும் சினிமாப் பாட்டைத் தேடினால் கிடைக்காது, இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா தரும், தனி உரிமம் வாங்கத் தேவையில்லாத இசைத் தொகுப்புதான் கிடைக்கும். கிரியேட்டரில் பட்டியல் பெரிது. ‘பிசினஸுக்கு மாறினதும் ரீச் போச்சு’ என்று புலம்புபவர்களில் பலர், கணக்கோடு சேர்ந்து பாட்டும் மாறியதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அதற்காகக் கடைக்காரர்கள் எல்லோரும் கிரியேட்டர் வேடம் போட்டால் தப்பித்துவிடலாம் என்றில்லை. அந்தப் பாட்டுகளின் அனுமதி சொந்த மகிழ்ச்சிக்குப் போடும் பதிவுகளுக்குத்தான், விற்பனைக்கு அல்ல. ஒருநாள் ஒலி அடைக்கப்படலாம், வீடியோ நீக்கப்படலாம். அத்தோடு, சினிமாப் பாட்டு உள்ள ரீலை பூஸ்ட் செய்ய முடியாது. நன்றாக ஓடிய ஒரே ரீலுக்குக் காசு போட்டு இன்னும் தள்ளலாம் என்று நினைக்கும்போதுதான் இது தெரியவரும். விற்பனை ரீலுக்கு ஊசி நூல் ஓடும் சத்தம், எண்ணெயில் முறுக்கு விழும் சத்தம், உங்கள் குரல், இவற்றை வைத்துப் பாருங்கள். ஒரு பாட்டை நூறு பேர் போடுவார்கள், உங்கள் குரல் உங்களிடம் மட்டும்தான்.

ஆக, பிளவுஸ் தைப்பவர், முறுக்கு விற்பவர், மொபைல் கடை: பிசினஸ். அழைப்பு பொத்தான், முகவரி, வாட்ஸ்அப் பொத்தான் எல்லாம் அங்கே ஒழுங்காக அமையும். ஆளே சரக்காக இருப்பவர், அதாவது நடனம், சமையல், மேக்கப் பாடம், ஊர் சுற்றல் போடுபவர்: கிரியேட்டர். அவர்களுக்குப் பிற நிறுவனங்கள் காசோ பொருளோ கொடுக்கும்போது பெய்டு பார்ட்னர்ஷிப் லேபிளைப் போட வேண்டும். இலவசமாக வந்த குக்கரும் இதில் அடங்கும். 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது.

மாற்றும் வழி: ப்ரொஃபைலில் மூன்று கோட்டை அழுத்தி ‘அக்கவுண்ட் டைப் அண்ட் டூல்ஸ்’, அதில் ‘ஸ்விட்ச் டு ப்ரொஃபெஷனல் அக்கவுண்ட்’. பிரிவைக் கேட்கும், பிறகு கிரியேட்டரா பிசினஸா என்று கேட்கும். தொடர்பு விவரம் கேட்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிடாதீர்கள். அங்கே உங்கள் சொந்த எண்ணும் மின்னஞ்சலும் தானாக நிரம்பியிருக்கலாம். வீட்டிலிருந்து விற்கும் பெண்கள் கடை எண்ணை மட்டும் கொடுத்து, முகவரியில் கதவு எண் போடாமல் ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள். எதையும் காட்ட வேண்டாமென்றால் அந்தப் பக்கத்தையே தவிர்க்கும் வழியும் அங்கே இருக்கிறது.

புள்ளிவிவரம் மாறிய நாளிலிருந்துதான் சேரும், பழைய பதிவுகளுக்குக் கிடைக்காது. திரும்பப் பர்சனலுக்குப் போனால் சேர்ந்ததும் போய்விடும். இப்படித் திரும்பி மாறுவதால் உண்மையாக இழப்பது இவ்வளவுதான். பூஸ்ட் தொகைக்கு மேல் 18% ஜிஎஸ்டி உண்டு, ₹500 என்று நினைத்தது ₹590 ஆகும்.

இன்ஸ்டாவை ஃபேஸ்புக் பேஜோடு இணைக்கச் சொல்லிக் கேட்கும். இணைக்கலாம், ஆனால் பேஜில் அனுமதி உள்ளவர்கள் அதன்பின் இன்ஸ்டா பதிவுகளையும் டிஎம்களையும் கையாள முடியும். பழைய பார்ட்னர் இன்னும் பேஜில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு இணையுங்கள்.

லைவில் புடவை விற்க வேண்டுமென்றால்

கணக்கு வகையைவிட எண்ணிக்கைதான் இங்கே முட்டுக்கட்டை. இன்ஸ்டாகிராமில் 2025 ஆகஸ்ட் முதல் பொதுக் கணக்கும் 1,000 ஃபாலோயரும் இருந்தால்தான் லைவ். ஃபேஸ்புக்கில் கணக்கு தொடங்கி 60 நாளும் 100 ஃபாலோயரும் தேவை. யூடியூபில் போனிலிருந்து லைவ் போக 50 சப்ஸ்கிரைபர் போதும். ஆடித் தள்ளுபடிக்கு லைவ் போடும் எண்ணம் இருந்தால் சித்திரையிலேயே ஃபேஸ்புக் பேஜைத் திறந்து வையுங்கள். அந்த 60 நாளை எந்தக் காசு கொடுத்தும் சுருக்க முடியாது.

சாவிகள்

ப்ரொஃபெஷனல் கணக்கில் மின்னஞ்சல் வெளியே தெரிந்தால் இரண்டு வாரத்துக்குள் ‘காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் கணக்கு மூடப்படும், இந்த லிங்க்கை அழுத்துங்கள்’ என்று யாராவது எழுதுவார்கள். ப்ளூ டிக் வாங்கித் தருவதாகவும் வருவார்கள். இன்ஸ்டாகிராம் உண்மையாகவே அனுப்பிய மின்னஞ்சல்கள் எவை என்பதை ஆப்பின் செக்யூரிட்டி பகுதியிலேயே பார்க்கலாம். அங்கே இல்லாத மடல் பொய்.

கடைக்கென்று ஒரே ஒரு ஜிமெயில் திறந்து, இன்ஸ்டாவையும் யூடியூப் பிராண்ட் அக்கவுண்டின் ஓர் உரிமையாளர் இடத்தையும் அதில் வையுங்கள். அதன் மீட்பு எண்ணாகக் கடை சிம்மைக் கொடுக்காமல் வீட்டில் இருக்கும் இன்னொருவர் எண்ணைக் கொடுங்கள், இல்லாவிட்டால் போன் தொலைந்த அன்று எல்லாக் கதவுகளின் சாவியும் ஒரே நேரத்தில் தொலைந்திருக்கும். இன்ஸ்டாவும் கூகுளும் டூ ஃபேக்டர் எனும் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடும்போது தரும் பேக்கப் கோடுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைப்பதால் பயனில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதி, வாட்ஸ்அப் பின்னையும் அதோடு சேர்த்து, நோட்டை பீரோவில் வையுங்கள்.